மலையகத்தில் ஆங்கிலேயரின் மதுமனை: கிளப்பு, வாடிவீடு, தவறணை

முன்னுரை

பொல்பிட்டிய மலையகத்தின் மேற்கு வாயில்களுள் ஒன்றாகும். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் மலையை விட்டிறங்கி ஒன்றுகூடிக் களனி கங்கை எனப் பெயர்பெறுவது இவ்வூரையடுத்த பகுதியிலேயே. 1969ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய சமனல நீர்மின் நிலையம் இவ்வூரின் பெயரை நாடறியச் செய்தது. இங்கிருந்து கீழ்நோக்கிச் சென்றாற் கித்துல்கலையில் ஆற்றங்கரை வாடிவீட்டைக் காணலாம். மேல்நோக்கிக் கினிகத்தேனை வழியாக ஹட்டனையும் டிக்கோயாவையும் அடைந்தால், தரவளையில் துரைமார் கிளப்பைக் காணலாம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தோட்டங்களையும் கடைவீதிகளையும் சார்ந்து, சிறப்பான தோற்றம் எதுவுமற்ற தவறணைகள் இருந்து வந்தன.

இம்மூன்றும் ஒன்றோடொன்று தொடர்பற்ற நிறுவனங்களாகவே முதலிற் தோன்றும். மது வழங்குதல், வழிப்போக்கர்க்குத் தங்க இடமளித்தல், மாலைப்பொழுதில் மனிதர் கூடிப் பேச இடந்தருதல் என்னும் மூன்று பணிகளையும் இங்கிலாந்தில் ஒரே மனை ஆற்றி வந்தது. அதனை ஆங்கிலேயர் 'பப்ளிக் ஹவுஸ்' என்றும், சுருக்கமாகப் 'பப்' என்றும் வழங்குவர். மதுமனை என நாம் ஈண்டு அதனைக் குறிப்போம். ஒரே கூரையின்கீழ் நிகழ்ந்த இப்பணிகள் மலைநாட்டில் மூன்று கூரைகளின்கீழ் ஏன் பிரிந்தன? அவற்றுள் எது மரபுரிமை எனப் போற்றப்படுகின்றது, எது மறக்கப்படுகின்றது? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இங்கிலாந்தில் மதுமனை

இடைக்கால இங்கிலாந்தில் மதுவோடு தொடர்புடைய இடங்கள் மூவகைப்பட்டிருந்தன. வாற்கோதுமையிலிருந்து வடித்த 'ஏல்' என்னும் மதுவை விற்ற சிறுமனை ஒன்று. திராட்சை மதுவை விற்ற 'டவேர்ன்' மற்றொன்று. பயணிகட்கு உணவும் படுக்கையும் குதிரைக்குத் தீனியும் அளித்த சத்திரம் பிறிதொன்று. 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சோசர் தம் காவியத்தில் யாத்திரிகரை ஒன்றுகூட்டுவது இலண்டனுக்குத் தெற்கே சதக்கில் இருந்த 'டபார்ட்' என்னும் சத்திரத்திலேயாகும். காலப்போக்கில் இம்மூவகைக்கும் உள்ள வேறுபாடு மங்கி, மூன்றும் 'பப்ளிக் ஹவுஸ்' என்னும் பொதுப்பெயருள் அடங்கலாயின. இங்கிலாந்தில் மூன்று ஒன்றாயிற்று. மலையகத்தில் ஒன்று மூன்றாயிற்று என்பது மனங்கொளத்தக்கது.

மதுவிற்கும் மனை தன்னை ஊரார்க்கு அடையாளங்காட்ட வேண்டும் என்பது பழைய விதி. இரண்டாம் ரிச்சர்ட் மன்னன் காலத்தில், 1393ஆம் ஆண்டில், ஏல் வடித்து விற்போர் அடையாளச் சின்னம் நாட்டல் வேண்டுமெனச் சட்டஞ் செய்யப்பட்டது. அம்மன்னனின் இலச்சினையாகிய வெண்கலைமான் இன்றும் பல ஆங்கில மதுமனைகளின் பெயராக விளங்குகின்றது. தமிழ் மாணவர்க்கு இது வியப்பன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் ஆடிய பலவகைக் கொடிகளைக் கூறும் பட்டினப்பாலை, கள் விற்கும் மனையின் கொடியையும் அவற்றுள் ஒன்றாகக் கூறுகின்றது. கடலால் பிரிந்த இரு நாகரிகங்களும் மதுமனையைப் பொதுவிடமாகவே கருதி, அதற்கு ஊரறிந்த அடையாளம் தந்தமை இதனாற் பெறப்படும்.

1552ஆம் ஆண்டின் சட்டம் மதுமனை நடத்துவோர் சமாதான நீதவானிடம் உரிமம் பெறல் வேண்டும் என விதித்தது. உரிமம் வழங்கும் அதிகாரம் உள்ளூர்ப் பெரியோர் கையில் இருந்தமையால், மதுமனை ஊராட்சியின் ஓர் உறுப்பாகவே வளர்ந்தது. 1830ஆம் ஆண்டின் பியர்மனைச் சட்டமோ வரியிறுக்கும் எவரும் இரண்டு கினி செலுத்திப் பியர் விற்கும் உரிமம் பெறலாம் என இவ்வாயிலை அகலத் திறந்தது. 'ஜின்' என்னும் கடுமதுவின் பிடியிலிருந்து ஏழை மக்களைப் பியரின்பால் திருப்புதல் அதன் நோக்கங்களுள் ஒன்று.

மதுமனையின் அகத்தே வகுப்புவேறுபாடு இல்லாமலில்லை. உழைப்பாளி நின்று குடிக்கும் 'பப்ளிக் பார்' ஒருபுறம். விரிப்பும் மெத்திருக்கையும் கொண்டு சற்றே கூடிய விலையில் மதுவழங்கும் 'சலூன் பார்' மறுபுறம். ஆயினும் வாயில் ஒன்றே, உரிமையாளன் ஒருவனே. காசு கொடுப்பவன் எவனாயினும் உள்ளே நுழையலாம் என்பதே அடிப்படை நெறி. 19ஆம் நூற்றாண்டில் மரண விசாரணைகள் பல மதுமனைகளில் நிகழ்ந்தன. தொழிலாளர் தம்முட் காசு திரட்டி நோய்க்கும் சாவுக்கும் உதவிய நட்புறவுச் சங்கங்கள் அதன் மாடியறைகளிற் கூடின. வாக்குரிமை வேண்டிய 'இலண்டன் தொடர்புச் சங்கம்' 1792ஆம் ஆண்டு சனவரியில் தொடங்கப்பெற்றதும் ஒரு மதுமனையிலேயாகும். அரசியல் உரிமையற்றிருந்த உழைப்பாளிக்கு அது ஒரு மன்றமாகவும் இருந்தது.

இதனாலெல்லாம் ஆங்கில மதுமனை கேடற்றதென்று கொள்ளலாகாது. வாரக்கூலியை மதுமனையில் வைத்து வழங்கும் வழக்கம் எண்ணற்ற குடும்பங்களின் அடுப்பை அணைத்தது. 1842ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் சுரங்கத் தொழிலாளர்க்கு மதுமனையிற் கூலி வழங்குவதைத் தடுத்தது. 1883ஆம் ஆண்டில் தனியே இயற்றப்பட்ட ஒரு சட்டம் இத்தடையைப் பிற கைத்தொழிலாளர்க்கும் விரித்தது. கூலிக்கும் கோப்பைக்கும் இடையே சட்டம் ஒரு சுவரை எழுப்பிற்று எனலாம். இச்சுவர் மலைநாட்டில் எழுந்ததா என்பதைப் பின்னர் நோக்குவோம்.

2. துரைமார் கிளப்பு

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டது. 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாக விளங்கிய சேர் எட்வேர்ட் பார்ன்ஸ் கொழும்பு–கண்டி வீதியை அமைப்பித்தவர். கோப்பிச் செய்கையை ஊக்குவித்தவர். நுவரெலியாவில் அவர் தமக்கெனக் கட்டுவித்த மாளிகையே பிற்காலத்தில் விரிவுபெற்றுக் 'கிராண்ட் ஹோட்டல்' ஆயிற்று. 1854இல் கண்டியில் இலங்கைத் தோட்ட உரிமையாளர் சங்கம் நிறுவப்பட்டது. 1884இல் இரயில் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிய, லூல்கந்துரையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைச் செய்கை மலையெங்கும் பரந்தது.

இக்காலத்தில் மலையில் வாழ்ந்த ஆங்கிலேயர்க்கு மதுவில் நாட்டமில்லாதிருக்கவில்லை. நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் 1849இல் அங்கு ஒரு சிறு மதுவடிசாலையைத் தொடங்கினார் என்பது மரபுவழிச் செய்தி. தேயிலைத் துரைமாருக்காக அது தொடங்கப்பட்டதென விளம்பர நூல்கள் கூறுவது பொருந்தாது. அவ்வாண்டில் மலையில் இருந்தது கோப்பியேயன்றித் தேயிலையன்று. பின்னர் 'லயன்' பியரால் அறியப்பட்ட வடிசாலை 1881ஆம் ஆண்டைத் தன் தோற்ற ஆண்டாகக் கொண்டது. நுவரெலியாவின் குளிர்ந்த நீரூற்றை நம்பி எழுந்த அத்தொழில், 1990களின் இறுதியிற் கீழ்நாட்டுப் பியகமைக்குப் பெயர்ந்தது.

பியர் வந்தது, பியரை வழங்கும் ஆங்கில மதுமனை வரவில்லை. அதற்குப் பதிலாகக் கிளப்பே எழுந்தது. 1876இல் நுவரெலியாவில் 'ஹில் கிளப்' நிறுவப்பட்டது. டிக்கோயா, மஸ்கெலியாப் பகுதித் துரைமார் தரவளையிலும், திம்புள்ளைப் பகுதியினர் ராதெல்லையிலும் கூடினர். கிரிக்கெட் மைதானம், டென்னிஸ் களம், பில்லியர்ட் மேசை, நூலறை, மதுமேசை ஆகியன இக்கிளப்புகளின் உறுப்புகள்.

மதுமனை எழாது கிளப்பு எழுந்தமைக்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, நிலவமைப்பு. ஒரு துரையின் பங்களாவுக்கும் மற்றொரு துரையின் பங்களாவுக்கும் இடையே பல மைல் மலைப்பாதை கிடந்தது. வாரம் ஒருமுறையோ மாதம் ஒருமுறையோ கூடும் தனியர்க்கு நாள்தோறும் திறந்திருக்கும் மதுமனை பயன்படாது. இரண்டாவது காரணமே முதன்மையானது. மதுமனையின் வாயில் காசுடைய எவர்க்கும் திறக்கும். கிளப்பின் வாயிலோ உறுப்பினர் வாக்களித்து ஏற்றுக்கொண்டவர்க்கு மட்டுமே திறக்கும். பகலிற் பிரட்டுக்களத்தில் தன் சொல்லுக்கு நூற்றுக்கணக்கானோரை நிறுத்தும் துரை, மாலையில் அவர்கள் காணக் குடித்து ஆடுவதைக் குடியேற்ற ஆட்சி விரும்பவில்லை. ஆள்வோன் ஆளப்படுவோனின் கண்ணுக்கு அப்பாலேயே தளர்ந்திருத்தல் வேண்டும் என்பது எழுதப்படாத விதி. பர்மாவில் அரசுப்பணியாற்றிய ஜோர்ஜ் ஓர்வெல் 1934இல் வெளியிட்ட தம் நாவலில், ஐரோப்பியர் கிளப்பையே கதையின் மையமாக வைத்து இவ்வுண்மையைக் காட்டினார்.

இவ்விதியை மீறிய வெள்ளையர்க்கு நேர்ந்ததைப் பிரேஸ்கேர்டில் விவகாரம் உணர்த்தும். மடுல்கலைப் பகுதியிற் தோட்டத் தொழில் பயில வந்த இவ்விளைஞர், தொழிலாளர் பக்கம் சேர்ந்து, 1937ஆம் ஆண்டு ஏப்ரலில் நாவலப்பிட்டியிற் சமசமாசக் கட்சிக் கூட்டத்தில் தோட்ட நிருவாகத்துக்கெதிராகப் பேசினார். அம்மாதத்திலேயே அவரை நாடுகடத்தும் ஆணை பிறந்தது. உயர் நீதிமன்றம் அவ்வாணை செல்லாதெனத் தீர்த்தமை இலங்கை அரசியல் வரலாற்றிற் புகழ்பெற்றது. பங்களாவுக்கும் லயத்துக்கும் இடையேயுள்ள எல்லையைத் தாண்டுதல் அரசுக்கெதிரான குற்றமாகவே கருதப்பட்டது என்பதே நாம் ஈண்டு கொள்ளத்தக்க பொருள்.

3. வாடிவீடு

வாடிவீடு ஆங்கிலேயர் புதிதாகப் படைத்ததன்று. ஒல்லாந்தர் காலத்திலேயே கரையோரத்தில் அதிகாரிகள் தங்கும் வாடிவீடுகள் இருந்தன. ஆங்கிலேயர் வீதிகளை அமைத்தபோது அவற்றை உள்நாட்டுக்கும் விரித்தனர். கண்டி வீதியில் 1828ஆம் ஆண்டளவில் எழுந்த அம்பேபுஸ்ஸை வாடிவீடு எஞ்சியவற்றுள் மிகப் பழையதெனக் கூறப்படும்.

ஆங்கிலச் சத்திரத்துக்கு மிக அணுக்கமான நிறுவனம் இதுவே. அகன்ற விறாந்தை, சாய்நாற்காலி, கோழிக்கறியும் சோறும், ஒரு மூலையில் மது, வருவோர் கையொப்பமிடும் ஏடு ஆகியன அதன் இலக்கணம். ஆயின் சத்திரத்தைப் போல் இது தனியொருவர் நடத்தும் மனையன்று, அரசின் மேற்பார்வைக்குட்பட்டது. சுற்றுப்பயணம் செல்லும் அதிகாரிக்கு அங்கு முன்னுரிமை இருந்தது. காலப்போக்கில் நடுத்தர வகுப்புச் சுதேசிகளும் அங்குத் தங்கலாயினர். மூன்று கூரைகளுள் ஓரளவேனும் பொதுவாய் அமைந்தது வாடிவீடே எனின் அது மிகையாகாது.

கித்துல்கலை வாடிவீடு இவ்வகைக்கு ஏற்ற சான்று. கித்துல் மரத்தாற் பெயர்பெற்ற அவ்வூரில், களனி கங்கைக் கரையில் டேவிட் லீன் படமாக்கிய 'குவாய் நதிப் பாலம்' 1957இல் வெளிவந்தது. அத்திரைப்படத்தின் நினைவே அவ்வாடிவீட்டை இன்று சுற்றுலாப் பயணிகட்கு அறிமுகப்படுத்துகின்றது. அங்குத் தேநீர் அருந்தும் பயணி, பர்மாவின் மரணப் பாதையிற் பெருந்தொகையாய் மாண்டவர்கள் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் என்பதை அப்படத்தின் வாயிலாக அறிதல் அரிது. நினைவுகூரலிலும் தெரிவு உண்டு என்பதற்கு இது ஒரு சான்றாகும்.

சிவனொளிபாத மலைக்குச் செல்லும் யாத்திரிகர் இவ்வாடிவீடுகளைச் சார்ந்திருக்கவில்லை. அம்பலங்களும் மடங்களும் அவர்க்கு நிழல் தந்தன. சோசரின் யாத்திரிகர் மதுமனையிற் கூடினர். எம்மவர் மதுவற்ற மடத்திற் கூடினர். வழிப்போக்கனுக்கு இடந்தருதலும் மதுவிற்றலும் எமது மரபில் முன்னரே பிரிந்திருந்தன என்பதும் கருதத்தக்கது.

4. தவறணை

தவறணை என்னும் சொல் ஈழத்துத் தமிழுக்கே சிறப்பாக உரியது. போர்த்துக்கேயரின் 'தவேர்ணா', ஆங்கிலேயரின் 'டவேர்ன்' ஆகியவற்றோடு உறவுடைய இது, கடையென்றும் குடிலென்றும் பொருள்படும் இலத்தீன் மொழிச் சொல்லை மூலமாகக் கொண்டது. சிங்களத்தில் வழங்கும் 'தெபேரும' என்பதும் இக்குடும்பத்ததே. ஆங்கில மதுமனையின் பெயர்வழி வாரிசு எதுவெனின், அது கிளப்பன்று; தவறணையே. சொல் வந்தது; சொல்லோடு வரவேண்டிய நிறுவனம் வரவில்லை.

தவறணையின் அடித்தளம் சாராயக் குத்தகை ஆகும். ஒரு பகுதியிற் சாராயம் விற்கும் தனியுரிமையை அரசு ஏலத்தில் விற்கும்; எடுத்த குத்தகைக்காரர் தவறணைகளை நடத்துவர், அல்லது கீழ்க்குத்தகைக்கு விடுவர். ஒல்லாந்தர் காலத்தில் கரையோரத்தில் வழங்கிய இம்முறையை ஆங்கிலேயர் கண்டிப் பிரதேசத்துக்கும் கொண்டுவந்தனர். 19ஆம் நூற்றாண்டு முழுவதும் அரசின் வருமானத்தில் இதற்குக் கணிசமான பங்கிருந்தது. கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது குத்தகையின் மதிப்பும் பெருகிற்று. மொறட்டுவை முதலிய கரையோர ஊர்களின் வணிகர் இத்தொழிலாற் பெருஞ்செல்வர் ஆயினர். அங்குராங்கெத்தையிற் கோப்பித் தோட்டம் வாங்கிய முதற் சிங்களத் தோட்டமுதலாளி ஜெரோனிஸ் டி சொய்சாவின் குடும்பம் இதற்கு எடுத்துக்காட்டு. இலங்கையின் சுதேச முதலாளி வகுப்பின் தோற்றத்திற் சாராயக் குத்தகை வகித்த இடத்தைக் குமாரி ஜயவர்த்தன 2000ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். அச்செல்வத்தின் ஒரு பகுதி, தமிழகத்திலிருந்து வந்த தோட்டத் தொழிலாளியின் கூலியிலிருந்து திரண்டது என்பதை நாம் வலியுறுத்திக் கூறல் வேண்டும்.

தொழிலாளியின் கூலி அவன் கைக்கு வந்த வழியும் நோக்கற்பாலது. பெரியகங்காணி கொடுத்த முன்பணம் கடனாகத் தலைமேல் நின்றது. அக்கடனைத் தாங்கிய 'துண்டு' என்னும் சீட்டோடு அவன் ஒரு தோட்டத்திலிருந்து மறுதோட்டத்துக்கு மாற்றப்பட்டான். அம்முறை 1921இலேயே ஒழிந்தது. தோட்டம் கொடுத்த அரிசியின் விலை கூலியிற் கழிக்கப்பட்டது. எஞ்சிய சில்லறை சம்பள நாளிற் கைக்கு வந்தது. அவன் வாழ்ந்தது ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி கொண்ட லயத்தறை. மழையும் குளிரும் அட்டைக்கடியும் அன்றாடம். லயத்துக்கு வெளியே அவன் உரிமையோடு உட்காரக்கூடிய கூரை கோயிலை விட்டால் வேறில்லை. இச்சூழலில், சம்பள நாளன்று தவறணையின் வாயில் திறந்திருந்தது.

இங்கிலாந்திற் பண்டமாகக் கூலி கொடுத்தலை 1831ஆம் ஆண்டிலும், மதுமனையிற் கூலி கொடுத்தலை 1842, 1883ஆம் ஆண்டுகளிலும் சட்டம் தடுத்தமையை இதனோடு ஒப்பிடுக. அங்கு எழுந்த சுவர் இங்கு எழவில்லை. இங்கு அரசே குத்தகையின் பயனைப் பெற்றது. உழைப்பாளி தெளிந்திருத்தல் வேண்டுமெனத் தோட்டத்துரை விரும்பினான்; அவன் குடித்தல் வேண்டுமெனத் திறைசேரி விரும்பியது. திங்கட்கிழமைப் பிரட்டில் ஆள் குறைவதைத் துரை நொந்தான். அவ்வாள் ஞாயிறன்று கொடுத்த காசு அரசின் வருமானத்திற் சேர்ந்தது.

தவறணையின் வடிவமும் அதன் நோக்கத்தைக் காட்டும். பெரும்பாலும் அது ஓர் எளிய கொட்டகை. விற்கும் மேசை ஒன்று. உட்கார இடம் அரிது. உரையாடுதற்கு மாடியறை இல்லை. சங்கம் கூட மண்டபம் இல்லை. குடித்தவுடன் வெளியேறும்படி அமைந்த கடை அது. ஆங்கிலத் தொழிலாளிக்கு மதுமனை அளித்த கேடுகள் அனைத்தும் தவறணை வழியாக எமது மக்களை அடைந்தன. அது அளித்த மன்றம் மட்டும் வந்துசேரவில்லை. தோட்டங்கள் தனியார் நிலமாகையால் வெளியார் உட்புகுதல் அத்துமீறலெனத் தடுக்கப்பட்டது. 1931இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு கோ. நடேசய்யர் தொழிற்சங்கப் பணியைத் தொடங்கியபோது, தொழிலாளரைக் கூட்டிப் பேச ஓரிடம் காண்பதே முதற்போராட்டமாயிற்று.

1912இல் மதுவரிக் கட்டளைச் சட்டம் பழைய குத்தகை முறையை முடிவுக்குக் கொண்டுவந்தது. சாராயக் கடையிலிருந்து கள்ளுக்கடை பிரிக்கப்பட்டுத் தனிக் கள்ளுத் தவறணைகள் திறக்கப்பட்டன. 1904இல் எழுந்த மதுவிலக்கு இயக்கம் இதனால் மீண்டும் கிளர்ந்து, தேசிய இயக்கத்தின் முன்னோடியாயிற்று என்பதை வரலாற்றாசிரியர் ஏற்பர். ஆயின் அவ்வியக்கத்தின் மேடைகள் பெரிதும் கரையோர நகரங்களிலும் கிராமங்களிலும் அமைந்தன. லயத்து மக்களின் குரல் அவற்றில் ஒலிக்கவில்லை. தென்னையும் பனையும் வளராத குளிர்மலைக்குக் கள் கீழ்நாட்டிலிருந்து ஏற்றிவரப்பட்டது. பொல்பிட்டிய, கித்துல்கலை போன்ற தாழ்மலை ஊர்களிலோ கித்துல் மரம் கள்ளையும் பாணியையும் கருப்பட்டியையும் ஒருங்கே தந்தது. அது கிராமத்து வீட்டுத் தொழில். தவறணைக் கள்ளோ உரிமம் பெற்ற வாணிகம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுதல் பிழையாகும்.

தவறணையின் வரலாற்றில் அதனுள் நுழையாதவரே முதன்மையானவர் என்பது எமது கருத்து. கொழுந்து பறிப்போரிற் பெரும்பாலோர் பெண்கள். அவர்தம் கூலியைக் கணவரோ தந்தையரோ சென்று பெற்றுக்கொள்ளும் வழக்கத்தை, 1982இல் வெளிவந்த ரேச்சல் குரியனின் ஆய்வும் எடுத்துக்காட்டிற்று. தோட்டத்துறையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி என்பது 1984இலேயே நடைமுறைக்கு வந்தது. குறைந்த கூலிக்கு உழைத்தவள் ஒருத்தி. அக்கூலியைக் கைநீட்டி வாங்கியவன் ஒருவன். அதன் ஒரு பகுதி சென்று சேர்ந்த இடம் தவறணை. அதன் கணக்கேட்டில் அப்பெண்ணின் பெயர் இராது. ஆயினும் அவ்வேட்டின் ஒவ்வொரு வரியிலும் அவள் பறித்த கொழுந்து உண்டு.

5. மரபுரிமை எது?

1960களின் பிற்பகுதி வரை சுதேசிகட்கு அடைபட்டிருந்த ஹில் கிளப்பின் வாயில் பின்னர் திறந்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களாற் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. துரைமார் மாறினர், கிளப்பு மாறவில்லை. மாலை வேளையில் ஆடவர் மேற்சட்டையும் கழுத்துப்பட்டியும் அணிந்தே உணவறைக்கு வரல் வேண்டும் என்னும் விதி, இன்று சுற்றுலாப் பயணிகளை ஈர்க்கும் பொருளாகிவிட்டது. ஒருகாலத்தில் விலக்கி வைத்த விதியே இன்று விற்பனைக்குரிய மரபுரிமையாயிற்று.

சட்ட நிலையும் நோக்கத்தக்கது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் புராதன நினைவுச்சின்னம் என்பதற்கு 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆந் திகதியை எல்லையாகக் கொண்டது. அது கண்டி ஒப்பந்தம் நிறைவேறிய நாள். மலையகத் தமிழரின் தோட்ட வரலாறு முழுவதும் அந்நாளுக்குப் பிற்பட்டதே. பிற்காலக் கட்டடங்களைச் சிறப்பாணையாற் காக்க இடமுண்டாயினும், கல்லாற் கட்டிய மாளிகைகளே அத்தகைய கவனத்தை எளிதிற் பெறும். தகரக்கூரைக் கொட்டகை பெறாது.

தவறணையைப் போற்றிப் பாதுகாத்தல் வேண்டுமென நாம் கூற வரவில்லை. கள்ளுண்ணாமையைத் தனி அதிகாரமாக வகுத்த வள்ளுவரின் வழிவந்தோர் அவ்வாறு கூறுதல் பொருந்தாது. ஆயினும் போற்றுதல் வேறு; பதிவுசெய்தல் வேறு. துன்பந்தந்த இடமும் வரலாற்றுக்குரிய இடமே. கம்பளைக்கு அண்மையில், பழைய லயமொன்றைக் கொண்டு 2007இல் நிறுவப்பட்ட தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இதனை மெய்ப்பித்துள்ளது. லயத்தறையை அருங்காட்சிக்குரியதாக்கல் இயலுமெனின், தவறணையின் வரலாற்றை ஏட்டில் ஏற்றுதல் இயலாததன்று.

இதற்கு வேண்டிய சான்றுகள் மூவகைப்படும். மதுவரித் திணைக்களத்தின் ஆண்டறிக்கைகளும் உரிமப் பதிவுகளும் ஒருவகை. தோட்டங்களின் செக்ரோலும் சம்பளக் கணக்கும் மற்றொரு வகை. நிருவாகங்கள் மாறுந்தோறும் அழிவுக்குள்ளாகக்கூடியவை இவை. மூன்றாவது, வாய்மொழிச் சான்று. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்கள் பாடல்களைத் திரட்டி 1983இல் நூலாக்கியிராவிடின், அவற்றுட் பல பாடியவரோடு மறைந்திருக்கும். அம்முயற்சியைப் பின்பற்றி, முதிய பெண் தொழிலாளர் சம்பள நாள்களைப் பற்றிக் கூறுவனவற்றை அவர்தம் சொற்களிலேயே பதிதல் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் விடுமுறையிற் தத்தம் ஊர்களில் ஆற்றக்கூடிய பணி இது.

முடிவுரை

இங்கிலாந்தில் ஒரே கூரையின்கீழ் அமைந்த மதுமனையின் பணிகள், மலைநாட்டில் நிறத்தாலும் வகுப்பாலும் பிளவுண்டன. கூட்டுறவைக் கிளப்பு எடுத்துக்கொண்டது. தங்குமிடத்தை வாடிவீடு எடுத்துக்கொண்டது. தவறணைக்கு எஞ்சியது மதுவும் அதற்குரிய விலையுமே. மரபுரிமை பற்றிய எமது எண்ணமும் அப்பிளவின் வழியே செல்கின்றது. முதலது போற்றப்படுகின்றது, இரண்டாவது நினைக்கப்படுகின்றது, மூன்றாவது பேசப்படுவதில்லை.

பொல்பிட்டியவில் இரு ஆறுகள் கூடி ஒன்றாவது போல, கிளப்பின் வரலாறும் தவறணையின் வரலாறும் ஒன்றாக எழுதப்படும்போதே மலையகத்தின் வரலாறு முழுமை பெறும். கிளப்பின் விருந்துக்கும் குத்தகைக்காரரின் மாளிகைக்கும் உழைப்பாற் கொடுத்தவர் ஒரே மக்கள். அவர்தம் பெயரின்றி அக்கட்டடங்களின் வரலாற்றை எழுதுதல் கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும் எழுதுவதாகும்.